வளைவில் உட்கார்ந்த கணபதி

பந்தயப் பாதைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று சைக்கிள் சங்கத்தில் கேட்டார்கள். நீங்கள் புனேயின் பாணேரிலிருந்தும் விமான் நகரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, என் முதல் ஸ்கூட்டரைவிட விலை கூடிய சைக்கிளில் சிரித்துக்கொண்டே வந்து இறங்குகிறீர்கள். ஊக்கம் ஏற்கெனவே வழிந்து ஓடுகிறது. அதில் கொஞ்சம் இறைத்து வெளியே ஊற்றுவதுதான் என்னால் ஆன உதவி.

பல நாள் சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பது என்பதைக் கால்கள் தீர்மானிக்கின்றன என்று நம்பி வந்திருப்பீர்கள். நம்புங்கள், உடம்புக்கு நல்லது. பாதை போடுகிறவனுக்கு வேறு கதை தெரியும். ஒரு மலையைக் காலையில் வைத்தால் அது வேடிக்கை. எல்லோரும் ஏறி இறங்கி மத்தியானத்துக்குள் பழையபடி ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். அதே மலையைக் கடைசியில் வைத்தால் அது தீர்ப்பு. முதல் நாளே ஆளுக்கு ஆள் தனியாக நேரம் பார்த்து ஓடவிட்டால் ஒருவன் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவான். மிச்ச நாளெல்லாம் மற்றவர்கள் அவன் மாப்பிள்ளை அழைப்பில் பின்னால் வருகிற உறவுக்காரர்கள்தான். இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் வராத சமாசாரங்கள் சில உண்டு. தேங்காய், கரும்பு, பில்டர். அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். என் இடது கால் வலது காலைவிட ஓர் அங்குலம் குட்டை. இதுதான் என் பட்டம், இதுதான் என் சான்றிதழ்.

இதே புனேயின் கட்கியில் பிறந்தவன் நான். அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அதே தொழிற்சாலையில் எனக்கும் வேலை கிடைத்தது, சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவன் என்பதால், விளையாட்டு ஒதுக்கீட்டில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பந்தயத்தின் கடைசிக் கோடு மைதானத்தை ஒட்டிய நீளமான நேர் ரோட்டில் இருந்தது. உள்ளூர்த் தலைவர் ஒருவர் தன் பந்தலுக்கு முன்னால்தான் கோடு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். பந்தல் ஒரு வளைவு தாண்டி இருந்தது. பந்தலை நகர்த்துவது கஷ்டம், பாருங்கள், கம்பு நட்டாகிவிட்டது. ஆகவே கோட்டை நகர்த்தினார்கள். அந்த வளைவுக்கு நான் மூன்றாவது ஆளாக வந்தேன். வளைவை விட்டு வெளியே போகும்போது முதல் ஆளாக இருந்தேன், ஆனால் சைக்கிள் என்னோடு இல்லை.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு மாலையோடும் போட்டோக்காரரோடும் வந்தார். பாதை போட்ட அதிகாரியும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து அவரே தின்றுகொண்டு, "வளைவுல கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாமே, மாணிக்" என்றார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன். போகும்போது அவர் சொன்னார்: "இனிமே ஓட்ட முடியாது உன்னால. என்கூட வந்து பாதை போடு." இப்படித்தான் அவர் என் குரு ஆனார். அவரிடம் கற்றதை ஒன்றுவிடாமல் தலைகீழாகச் செய்து வந்தேன். அதனால்தான் இத்தனை வருடம் பெயர் கெடாமல் ஓய்வு பெற முடிந்தது.

குரு பாதை பார்ப்பது ஜீப்பின் முன் சீட்டில் இருந்து. இறங்குவதெல்லாம் டீக்கும் வடாபாவுக்கும்தான். ஒரு வருடம் அக்டோபரில் பல்டண் பக்கம் பாதை பார்க்கப் போனோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் உயரத்துக்கும் மேலே. "பார்த்தியா, சுவர் மாதிரி நிக்குது. பக்கக் காத்தே வராது. மொத்தக் கூட்டமும் ஒண்ணா வந்து ஊருக்குள்ள ஜோரா முடியும்" என்றார். ஊரில் வரவேற்புக்குப் பேண்டு வாத்தியம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொடி எல்லாம் ஏற்பாடாயிற்று. பந்தயம் பிப்ரவரியில் நடந்தது. கரும்பு அதற்குள் சர்க்கரை ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மொட்டை வயலில் காற்று குறுக்கே அடித்த அடியில் கூட்டம் துண்டு துண்டாகச் சிதறியது. வீரர்கள் ஊருக்குள் ஒருவர், பிறகு இருவர், பிறகு வெகுநேரம் யாருமில்லை என்று வந்தார்கள். பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வாசித்து வாசித்துக் கடைசியில் சாப்பிடப் போய்விட்டார்கள். பந்தயத்தின் முடிவு அன்றைக்கே தெரிந்துவிட்டது. குருவுக்குக் கடைசிவரை ஒரே வருத்தம்: "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வெட்டிட்டானுங்க."

உங்கள் செயற்கைக்கோள் படத்தில் அந்த ரோடு இன்றைக்கும் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். படம் எந்த மாதம் எடுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் விஷயம் சின்னது. பிரமுகர் வருவார், பந்தயம் தொடங்கும் கோட்டிலேயே தேங்காயை ஓங்கி உடைப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். மெல்லிய டயரில் சிரட்டைச் சில்லு ஏறும். ஒரு வருடம் வாழ்த்துப் பெற்ற வீரர்களில் பலர் வாழ்த்துப் பெற்ற இடத்திலேயே பஞ்சர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் பொறுப்புக்கு வந்ததும் தேங்காய்க்கு ஒரு தொடக்கம், பந்தயத்துக்கு ஒரு தொடக்கம் என்று பிரித்துவிட்டேன். தேங்காய்க் கோட்டிலிருந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், நூறு அடி தள்ளி ஏறுவார்கள். பிரமுகர்களிடம் இது வீரர்கள் காட்டும் மரியாதை என்று சொல்லிவைத்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார்கள்.

இனி பில்டர்.

போன மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவர், பந்தயப் பாதையில் ஆபத்தான வளைவுகளில் கணபதி ரங்கோலி போட்டு அந்த வளைவை விட்டு விலகிப் போவது புனேயின் தொன்றுதொட்ட வழக்கம் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தொன்றுதொட்ட வழக்கத்துக்கு உங்களில் பலரைவிட வயது குறைவு. அது பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பாணேரில் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய காலம். ஒரு பில்டர் எங்கள் ஐந்து நாள் பந்தயத்துக்குப் பணம் போட்டார். சொந்தமாக ஓர் அணியும் வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எப்போது போனாலும் டீயும் முந்திரிப் பருப்பும் வரும். எல்லோரையும் 'ராவ்' போட்டுத்தான் கூப்பிடுவார். கட்கித் தமிழனான நான் அவர் வாயில் மாணிக்ராவ். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: கடைசி நாள் சாத்தாராவிலிருந்து வருகிற பந்தயம் அவர் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் வாசலில் முடிய வேண்டும்.

அந்த வாசல் ஒரு சரிவின் நடுவில் இருந்தது. தெற்கிலிருந்து வந்தால் இறக்கம், வடக்கிலிருந்து வந்தால் ஏற்றம். சாத்தாரா இருப்பது தெற்கே. ஹைவேயிலிருந்து முதல் பிரிவில் திரும்பினால் நேராக இறக்கத்தில் வந்து, வாசலுக்கு இருநூறு மீட்டர் முன்னால் ஒரு முழங்கை வளைவு. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் மின்கம்பம். நான் பந்தயத்தை அந்தப் பிரிவைத் தாண்டி நேராகப் போகவிட்டு, அடுத்த பிரிவில் சுற்றி, வடக்கிலிருந்து ஏற்றத்தில் வாசலுக்கு வரும்படி போட்டிருந்தேன். ஏற்றத்தில் முடித்தால் மூச்சு வாங்கும், வாந்தி வரும். இடுப்பு உடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம்வரை பில்டருக்கு இதில் ஓர் ஆட்சேபணையும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நிலவரம் வந்தது. முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி ஒரு ராணுவ வீரனிடம், மலையேறுவதில் சூரன். அவனுக்கு எட்டு நொடி பின்னால் இரண்டாவது இடத்தில் பில்டரின் ஆள், சாங்லி ஊர்க்காரன். அவன் ஸ்பிரிண்டர், அதாவது நாள் முழுக்க மற்றவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிற ஜாதி. கடைசி நாள் முதலில் வருபவருக்குப் பத்து நொடி சலுகை. ஏற்றத்தில் முடிந்தால் ராணுவ வீரன், இறக்கத்தில் முடிந்தால் சாங்லிக்காரன் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நாலாம் நாள் புனேயிலேயே நடந்த ஓட்டத்திலும் அந்த எட்டு நொடி மாறவில்லை. அன்று மத்தியானம் பில்டர் அலுவலகத்தில் அவசரக் கூட்டம். முந்திரிப் பருப்போடு ஒரு வாஸ்து நிபுணரும் வந்திருந்தார், கையில் திசைகாட்டி.

"மாணிக்ராவ், உங்க பாதையில எல்லாரும் தெற்கு பார்த்து வந்து முடிக்கிறாங்க" என்றார் பில்டர் கவலையோடு.

"ஆமாம்."

"தெற்கு எமனோட திசை" என்றார் நிபுணர். "வடக்கு குபேரனோட திசை. வடக்குப் பார்த்துத்தான் முடியணும். வீடு வாங்கப் போறவங்க பார்ப்பாங்க இல்லையா?"

வாஸ்து சாஸ்திரம் எட்டு நொடி இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "வடக்குப் பார்த்து வந்தா இறக்கம், சாஹேப். அந்த வளைவுல எண்பது பேர் ஒண்ணா வந்து இறங்குவாங்க. எமன் தெற்குல இல்ல, அந்த மின்கம்பத்துக்கிட்ட நிக்கறான்" என்றேன்.

"வைக்கோல் கட்டு வெச்சுடுங்க."

"வைக்கோல் கட்டுக்குப் பின்னாடி சுவர் இருக்கு."

"நீங்க எப்பவும் எதையாவது குறை சொல்றீங்க, மாணிக்ராவ்" என்றார், மனம் நொந்து. அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான். தலைமை நடுவர், டில்லியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற மேஜர், விதிப்புத்தகத்தைப் புரட்டி, முந்தின நாளே அணிகளுக்குச் சொல்லிவிட்டால் மாற்றலாம் என்றார். பாதுகாப்பைப் பற்றிய பக்கம் அவர் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது போலும். கை தூக்கச் சொன்னார்கள். என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். ஒருவர் தூக்கத்திலேயே தூக்கினார்.

நான் என்ன செய்திருக்கலாம்? ராஜினாமா செய்திருக்கலாம். செய்திருந்தால் மறுநாள் பேப்பரில் ஒரு வரி வந்திருக்கும், எண்பது பேரும் அந்த வளைவில் அதே வேகத்தில் இறங்கியிருப்பார்கள். கொள்கைக்காக வெளியேறுவது நல்ல விஷயம். வெளியேறுகிறவருக்கு.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். கூட ஏகாம்பரம் வந்தான். அவனும் கட்கிதான், என் பழைய சிநேகிதன். பந்தயத்தில் மோட்டார் பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் யாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வீரர்களுக்குக் காட்டுவது அவன் வேலை. அப்போதெல்லாம் எங்கள் பந்தயத்தில் காதில் மாட்டுகிற கருவி கிடையாது, ஏகாம்பரத்தின் கையெழுத்துதான்.

வளைவில் ஏழெட்டுப் பெண்கள் நூல் பிடித்து ரோட்டை அளந்துகொண்டிருந்தார்கள். பந்தயத்தை வரவேற்க ரங்கோலி போடச் சொல்லிப் பில்டரே ஏற்பாடு செய்திருந்தார். வளைவிலேயே போடுங்கள், போட்டோவில் வாசலோடு சேர்ந்து விழும் என்று இடமும் சொல்லியிருந்தார். ரங்கோலிப் பொடி என்பது கல்லை அரைத்த மாவு. இறக்கத்தில், வளைவில், மெல்லிய டயருக்குக் கீழே அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பம் போதாதென்று எமனுக்கு ஜமுக்காளமும் விரிக்கிறார்கள்.

"அரே, இன்னாபா இது!" என்றான் ஏகாம்பரம். "மொத்தமா சறுக்கினு போய் செவுத்துல ஒட்டிக்குவானுங்களே. நைட்டே தொடப்பம் எட்த்துனு வந்து கூட்டிடலாமா?"

"நாம கூட்டினா அவங்க மறுபடி போடுவாங்க. அவங்க போடலைன்னாலும் வளைவு இங்கயேதானே இருக்கும்."

அந்தப் பெண்களுக்குத் தலைவி ஒரு காக்கு. மராத்தியில் காக்கு என்றால் சித்தி; அந்தக் காலனிக்கே அவர் சித்தி. நான் நடந்து வருவதை நூலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இடுப்பா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"இருபத்தஞ்சு வருஷம் எலும்பு வார்டுல நர்ஸ். சரியா கூடலையே. யார் பார்த்தது?"

பேச்சு இப்படி ஆரம்பித்ததால் எனக்குச் சுலபமாகப் போயிற்று. வளைவைக் காட்டினேன். எத்தனை பேர் வருவார்கள், எந்த வேகத்தில், பொடியில் சக்கரம் பட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அப்ப நாங்க போடலை. மயிலும் தாமரையும் போடறதா இருந்தோம். வேண்டாம்."

"போடாம விட்டாலும் இந்த வழியாத்தான் வருவாங்க, காக்கு. போடுங்க. ஆனா மயில் வேண்டாம். மயிலா இருந்தா காலையில தண்ணி லாரி கொண்டுவந்து கழுவிட்டுப் பந்தயத்தை விட்டுடுவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். "கணபதி போடுவீங்களா? இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும்?"

அவர் நூலைக் கீழே வைத்துவிட்டார். "கணபதியைச் சக்கரத்துக்கு அடியில போடச் சொல்றீங்களா?"

"சக்கரம் வராம இருக்கத்தான் போடச் சொல்றேன்."

"வந்துட்டா?"

"அந்தப் பாவம் என் தலையில."

"பாவத்தையெல்லாம் அப்படி வாங்கிக்க முடியாது" என்றார் கடுமையாக. பிறகு என் காலை மறுபடி பார்த்தார். பெண்களைக் கூப்பிட்டு, நூலை இரண்டு நடைபாதைக்கும் நடுவே இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

திரும்பும்போது ஏகாம்பரம் வாய் ஓயவில்லை. "உனுக்கு டிமாக் கராப் ஆயிடுச்சா, மூள கீள பிசகிடுச்சா? கணபதிய வெச்சு ஆட்டம் ஆட்ற. பில்டர் சேட்டு நாளைக்கி வேற ரூட்டு எங்கன்னு கேட்டா இன்னா சொல்வ?"

"வேற ரூட்டு அப்படியேதான் இருக்கு. ஏத்தத்துல வெச்ச தடுப்பையெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. மறந்துட்டேன்."

மறதிக்காரன் என்று எனக்குச் சங்கத்தில் ஒரு பெயர் உண்டு. கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது. நீங்களும் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்துக்கு உதவும்.

மறுநாள் காலை பந்தயம் சாத்தாராவில் புறப்பட்டு, பாதி வழி வந்துவிட்ட நேரத்தில் பில்டர் வாசலுக்கு வந்தார். வந்தவர் வளைவுக்கு நடந்து போனார். போனவர் அப்படியே நின்று, ஷூவைக் கழற்றினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் கதையில் குரங்குகள் நாலைந்து பேர் கூடி முடிவெடுத்தோம், பிள்ளையாரில் வந்து முடிந்தது. காக்குவும் பெண்களும் விடியற்காலையில் இருந்து போட்டிருக்கிறார்கள். ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார் கணபதி. ஒரு காது இந்த நடைபாதையில், இன்னொரு காது அந்த நடைபாதையில். நடுவில் ஒரு சைக்கிள் போக இடமில்லை. நான்கு மூலையிலும் விளக்கு. தெருவில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்; ஒருவர் பூ வைத்துவிட்டுப் போனார்.

"யார் கணபதி போடச் சொன்னது?" என்றார் பில்டர் மெல்லிய குரலில். கணபதிக்குக் கேட்டுவிடப் போகிறதே என்ற பயம்.

"நீங்கதானே, பாவு, நல்ல காரியம், ரங்கோலி போடுங்கன்னு சொன்னீங்க" என்றார் காக்கு, அவரை மராத்தியில் அண்ணனாக்கி. "நல்ல காரியத்துக்கு வேற யாரைப் போடறது?"

தண்ணீர் லாரி பக்கத்திலேயே நின்றது. டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "என் கையால மாட்டேன், சாஹேப்" என்று சாவியை மேனேஜரிடம் நீட்டினான். மேனேஜர் சாவியை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். துடைப்பம் ஒன்று கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. எல்லோரும் தலைமை நடுவரைப் பார்த்தார்கள். மேஜர் விதிப்புத்தகத்தை எடுத்தார். கணபதியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நெருக்கடியில் எல்லோரும் கத்தும்போது, நீங்கள் விரும்புகிற முடிவை நீங்களே சொல்லாதீர்கள். சொன்னால் அது உங்கள் யோசனை ஆகிவிடும். பெரிய மனிதர்களால் மற்றவர் யோசனையை ஜீரணிக்க முடியாது. காத்திருங்கள்.

வாஸ்து நிபுணர்தான் சொன்னார். திசைகாட்டியை வைத்து இரண்டு முறை சுற்றிவிட்டு, "கணபதி தானா வந்து தெற்குல உட்கார்ந்துட்டார். இப்போ தெற்கு பார்த்து வந்தா கணபதியை நோக்கி வர்றதா அர்த்தம். தோஷமில்லை" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி முந்திக்கொண்டு கொடுத்தார்.

"அந்தப் பக்கம் தடுப்பெல்லாம் எடுத்தாச்சே?" என்றார் பில்டர்.

"மறந்துட்டேன், சாஹேப். மன்னிக்கணும்."

"நல்லவேளை!" என்று என் தோளைத் தட்டினார். மேஜரும் தலையை ஆட்டினார். வீரர்கள் எல்லோருக்கும் முன்கூட்டித் தெரிவித்தால் சரி என்றார்.

அதுவரை வேடிக்கை. அதற்குப் பிறகு வேடிக்கை இல்லை. எண்பது பேர் முதல் பிரிவில் திரும்பி இறங்குவதாகவே மனதில் வைத்துக்கொண்டு ஓட்டி வருகிறார்கள். பாதியில் பாதையை மாற்றுவது பாதையைத் தப்பாகப் போடுவதைவிட மோசம். பாதிப் பேர் நேராகவும் பாதிப் பேர் திரும்பவும் முயன்றால், வளைவில் நடக்க இருந்தது பிரிவிலேயே நடக்கும். அப்போது பாவம் நிச்சயமாக என் தலையில்தான்.

ஏகாம்பரத்துக்கு போன் போட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே கத்தினேன். "எழுது. முடிவு ஏத்தத்துல, முதல் பிரிவுல திரும்பாதே. முன்னாடி காட்டு, பின்னாடி போய்க் காட்டு. மறுபடி முன்னாடி வா. ஒவ்வொருத்தனும் தலையாட்டறவரைக்கும் விடாதே."

"எந்த பாஷைல?"

"தெரிஞ்சது எல்லாத்துலயும்!"

நான் முதல் பிரிவுக்குப் போனேன். திரும்பும் பக்கம் கயிறு கட்டினோம். கயிற்றைக் கவனிக்காமல் யாரும் மோதி விழாமல் இருப்பதற்காகக் கயிற்றுக்கு முன்னால் நானே சிவப்புக் கொடியோடு நின்றேன். ஓடி ஒதுங்க முடியாத கால் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. போலீஸ் பைக் போயிற்று. ஏகாம்பரம் போனான், பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் சாக்பீஸ் தூள். பிறகு அந்தச் சத்தம் வந்தது, எண்பது சங்கிலிகளும் நூற்றறுபது சக்கரங்களும் ஒன்றாக உறுமுகிற சத்தம். முன்னணியில் பில்டரின் அணி, நடுவில் சாங்லிக்காரன். ஒருவன் பழைய பாதை நினைப்பில் என் பக்கம் சாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கடைசி ஆளின் முதுகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முடிவை நான் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியில் கேட்டேன். மலைச் சூரன் ஜெயித்தான், அதர்மம் தோற்றது என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ராணுவ வீரன் ஏற்றத்தில் பாய்ந்தது உண்மை. சாங்லிக்காரன் அவன் பின்சக்கரத்தில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு வந்து, கோட்டுக்கு ஒரு சைக்கிள் நீளம் இருக்கும்போது முந்திவிட்டான். பத்து நொடி அவனுக்கு. பந்தயம் பில்டருக்கு. பாதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று ஆரம்பத்தில் பெரிதாகச் சொன்னேன் அல்லவா? அதில் பாதி ரீல். யார் ஜெயிப்பது என்று பாதை ஆசைப்படலாம், அவ்வளவுதான். யார் யார் சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போவது என்பதை மட்டும் பாதைதான் தீர்மானிக்கிறது.

மேடையில் பில்டர் மைக்கைப் பிடித்து, கணபதியின் உத்தரவுப்படி தானே பாதையை மாற்றியதாகச் சொன்னார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு சாங்லிக்காரன் என்னைத் தேடி வந்தான். இருபத்து மூன்று வயது இருக்கும். கழுத்தில் மாலை, கையில் பாதி தின்ற வாழைப்பழம். "நீங்கதான் பாதை போடறவரா?" என்று இந்தியில் கேட்டான்.

"ஆமாம்."

"நேத்து சாயங்காலம் அந்த வளைவுல மூணு தடவை இறங்கிப் பார்த்தேன், சார். பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். தொட்டா பின்னாடி வர்றவன் முந்திடுவான்ல?" சிரித்தான். "நேராப் போகச் சொல்லிட்டீங்க. ஏறி வர்றதுக்குள்ள உயிரே போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நின்ற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலும் ஒரே நீளத்தில் தரையில் ஊன்றி, இப்படித்தான் எல்லோரும் நிற்பார்கள் என்பதுபோல நின்றான். "போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வளைவுக்கு நடந்து போனேன். ஒரு சக்கரத் தடம்கூட இல்லாமல் கணபதி இருந்தபடியே இருந்தார். பெண்கள் கும்பிட்டுவிட்டு, பொடியை ஓரத்திலிருந்து கையால் திரட்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் கரைக்க வேண்டுமாம். காக்கு குனிந்து ஒரு காதை அள்ளிக்கொண்டிருந்தவர், என் நடைச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, நிமிராமல் கேட்டார்.

"எத்தனை பேர் விழுந்தாங்க?"

"யாரும் விழலை, காக்கு."

ஒரு கைப் பொடியை வாளியில் போட்டார். "அடுத்த வருஷம் எந்த வளைவு?"

"மூணு இருக்கு" என்றேன்.

"அப்ப பொடி இப்பவே வாங்கி வைக்கணும்" என்றார்.